கேபினெட் வருமுன் காலமான ஹெட்

உலகத்தாருக்கு ஓர் அறிவிப்பு: கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் எங்கள் இசைக்குழுவின் முதல் டியூப் ஆம்ப் இன்று காலை கோட்டைமேட்டில் இயற்கை எய்தியது.

தேர்ந்தெடுத்த மேதை நான். "ஆம்ப்போட ஹெட்டை மட்டும் மொதல்ல வாங்கிப்போடுடா, சத்தம் வர்ற ஸ்பீக்கர் கேபினெட்டப் பொறவு பாத்துக்கலாம்" என்றேன். லீவு முழுக்கக் காங்கேயம் எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கி, பழையதொன்றை வாங்கினான் குழுத் தோழன் கதிர்.

கேபினெட் வாங்குமுன் சோதித்துவிடலாம் என்று இன்று கொண்டுபோனோம். ரிப்பேர் கடை பாய் மூடியைக் கழற்றி முகர்ந்தார்.

"ஏங்கண்ணு, ஸ்பீக்கர் மாட்டாம வாசிச்சீங்களா? டிரான்ஸ்ஃபார்மர் வெந்துபோச்சு. இதுக்கு இங்க பார்ட்ஸ் கெடைக்காது."

"ஆன் பண்ணவே இல்லீங்க பாய். கேபினெட்டுக்குத்தான் காத்துட்டிருக்கறோம்" என்றான் கதிர்.

"அப்ப வித்தவரு வெந்ததத்தான் வித்திருக்காரு."

கதிர் அங்கேயே விற்றவரைப் போனில் பிடித்துத் திட்டினான். "நல்லாத்தான குடுத்தனுங்க தம்பி" என்று அவர் கெஞ்சியது எனக்கும் கேட்டது. "உடாதடா" என்று ஏற்றிவிட்டேன்.

பேருந்தில் கதிர் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதான்.

கதிர், போன வாரம் நீ டீ வாங்கப் போன நேரத்தில், டியூப் எரியும் அழகை ரீல்ஸ் எடுக்க ஆன் செய்து, ஸ்பீக்கர் இல்லாமலே கிட்டாரை மாட்டி, வால்யூமை முழுக்கத் திருப்பி இழுத்தவன் நான்தான்.

விற்றவருக்கு நானே போன் செய்கிறேன். நீ இந்தப் பதிவின் கமெண்டிலேயே திட்டு. வீட்டில் அப்பா இருக்கிறார்.