விசாரணை முடியும்வரை

எங்கள் கோயில் அன்னதான மண்டபத்தில், சோற்று அண்டாவுக்குள் ஒரு நீட்டு அகப்பை கிடக்கும். வெள்ளிக்கிழமைகளில் அது என் கைக்குத்தான் வரும். அதைத் தூக்கும்போதெல்லாம் அத்தானின் பேப்பர் சோற்றுக் கோப்பை கண்ணுக்குள் வருகிறது. நீட்டியபடியே நின்ற வெறுங்கோப்பை.

அத்தான் என் அக்காவின் புருஷன். ஊரில் சண்டைக்குப் பயந்து ஓடி, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சனத்தோடு சனமாகப் படுத்திருந்த காலத்தில், வெளிநாட்டு உதவி என்று லொறியில் மா வரும். ஒருநாள் அத்தானின் முறை வந்தபோது மா முடிந்துவிட்டது. வெறுஞ்சட்டியோடு நின்று கண்கலங்கிய மனிசனைக் கூப்பிட்டு, எங்கள் அம்மா தன் மாவில் பாதியை அந்தச் சட்டிக்குள் கொட்டினா. பிறகு அவர் கனடா வந்து, பார்க்டேலில் ஒரே அறைக்குள் பலரோடு கிடந்து, முன்னேறி, இப்போது விட்பியில் பெரிய வீடு. எல்லாம் முருகன் கொடுத்தது. அதில் எனக்கு எரிச்சல் இல்லை.

ரெக்ஸ்டேலில் நான் சான்ட்விச் பொதிசெய்யும் இடத்தில், பக்கத்து மேசையில் ஒரு பலஸ்தீனத்து அக்கா. இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான். ஆனாலும் பேச்சு ஓயாது. அவவின் தங்கச்சி பிள்ளைகளோடு காசாவில், அகதி முகாமில். மா, மருந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அகதிகளுக்கென்று இருக்கும் ஓர் அமைப்பு கொடுப்பது. அதற்குக் கனடாவும் காசு கொடுக்கும். சம்பளத்தில் வரி வெட்டும்போது நாங்கள் முணுமுணுப்போம். அவ மட்டும், இதில் கொஞ்சம் என் தங்கச்சிக்குப் போகிறது என்று சிரிப்பா.

பிறகு அந்த அமைப்பின் ஊழியர்கள் சிலர்மேல் குற்றச்சாட்டு வந்தது. விசாரணை நடக்கிறது என்று கனடா காசை நிறுத்திவைத்தது. அவவின் சிரிப்பும் நின்றது. மனம் கேளாமல் ஒரு ஞாயிறு தேத்தண்ணிக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அன்றைக்கென்று அத்தானும் வந்தார். கதை அந்த நிறுத்திய காசுக்குப் போனது.

"விசாரணை முடியுமட்டும் நிப்பாட்டினது சரிதானே பிள்ளை. எங்கட டாக்ஸ் காசு. உவையள் கொஞ்சநாள் பொறுத்தா என்ன?"

எனக்குச் சொன்னது போதாதென்று, அவவின் பக்கம் திரும்பி அதையே இங்கிலீஷிலும் சொன்னார். அவ தேத்தண்ணியைப் பாதியில் வைத்தா. அடுத்த பஸ் எப்போது என்று மட்டும் கேட்டா.

அடுத்த வெள்ளி. பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி, அத்தான் வரிசையில் வந்து கோப்பையை நீட்டினார். நான் சோற்றை அள்ளினேன். அள்ளியதைத் திரும்ப அண்டாவுக்குள்ளேயே போட்டேன்.

"பிள்ளை, எனக்குப் போடேல்லை."

"விசாரணை நடக்குது அத்தான். முடியட்டும், போடுறன்."

"என்ன விசர்க்கதை?"

"கொஞ்சநாள் பொறுத்தா என்ன?"

பின்னால் நின்ற அன்ரி ஒருத்தி, லைனை மறிக்காதேங்கோ தம்பி, சோறு ஆறுது என்றா. அத்தானின் முகம் கறுத்தது. கோப்பையைக் குப்பைவாளிக்குள் எறிந்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் அக்கா போனில் என்னைக் கிழித்தா. "கோயில் சோறடி. உன்ர அப்பன் வீட்டுச் சோறே?"

"அந்த மாவும் அத்தான்ர அப்பன் வீட்டு மா இல்லை அக்கா."

அன்னதானத்தில் ஒருவருக்கு இல்லை என்பது பாவம். தெரியாமல் செய்யவில்லை. வேலுக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன்: பாவத்தை எனக்கே தா, முருகா, அந்தக் கோப்பையை நிரப்பு என்று மட்டும் சொல்லாதே.

சில கிழமைகளில் கனடா திரும்பக் காசு கொடுக்கத் தொடங்கியது. இனி என்ன கோபம் என்று அத்தான் அக்காவிடம் சொல்லி அனுப்பினார். ஆனால் அதற்குள் அந்தத் தங்கச்சியின் போன் நின்றுபோயிருந்தது. பலஸ்தீனத்து அக்கா இன்றைக்கும் பொதி மேசையில் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறா. திரை இருட்டாகவே கிடக்கிறது.

இப்போதும் அத்தான் கோயிலுக்கு வருவார். கோயில் உள்வீதி சுற்றிக் கும்பிட்டுவிட்டு நேரே காருக்குப் போவார். மண்டபத்துப் பக்கம் தலை திரும்பாது. விட்பி வீடுவரைக்கும் வெறுவயிற்றோடு கார் ஓடட்டும். எனக்கு மனம் இளகவில்லை. அந்தத் தங்கச்சியிடமிருந்து ஒரு போன் வரட்டும். அன்றைக்கு இந்த அகப்பை நிறைய அள்ளி, என் கையாலேயே அவருக்குப் போடுவேன்.

அதுவரை விசாரணை நடக்கும்.