பொன்னாடை போர்த்திய கோச்

எங்கள் கோச் போலந்துக்காரர். நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் பெண் பிள்ளைகளின் கால்பந்து டீம் ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த டீமுக்கு நான் மேனேஜர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். யார் ஆரஞ்சு வெட்டிக் கொண்டுவருவது, யார் காரில் யார் ஏறுவது என்று அம்மாக்களை விரட்டும் சம்பளமில்லாத உத்தியோகம். என் மகள் கோல்கீப்பர் என்பதால் சந்தோஷமாகவே செய்தேன். தன்னிடம் இன்னும் இரண்டு வருஷம் இருந்தால் ஹைஸ்கூல் டீமில் அவளுக்கு இடம் நிச்சயம் என்று கோச்சே சொல்லியிருந்தார். அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மழையில் பிராக்டிஸ் நின்றால் எங்கள் வீட்டுக்கு வருவார். ஃபில்டர் காபி குடித்துக்கொண்டே தன் கதையைச் சொல்வார். ஊரில் முதல் டிவிஷனில் டிஃபெண்டராக ஆடியவர். முழங்கால் போனதும் ஒரு சின்ன ஊர் கிளப்புக்கு மேனேஜரானார். என்னைப் போல இல்லை, நிஜ மேனேஜர். அந்த டீமை ஒரு டிவிஷன் மேலே ஏற்றினார். ஒரு நாள் காலையில் ஆபீஸுக்குப் போனால், அவர் நாற்காலியில் அவருடைய அசிஸ்டென்ட் உட்கார்ந்திருந்தார். வேலை போனதுகூடப் பெரிதில்லை, ஆடுகிற பையன்கள் அத்தனை பேருக்கும் முன்பே தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்பார். அதன் பிறகுதான் நியூ ஜெர்சிக்கு வந்து, வீடுகளுக்குப் பெயின்ட் அடித்து, மெல்ல மெல்லப் பிள்ளைகளுக்குக் கோச் ஆனார். கேட்கும்போதெல்லாம் அந்த அசிஸ்டென்ட்டைத் தேடிப் போய் நறுக்கென்று நாலு கேட்க வேண்டும் போலிருக்கும் எனக்கு.

சீசன் முடிந்த பார்ட்டிக்கு கிஃப்ட் கார்டு போதும் என்றார்கள் மற்றவர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. சொல்லிக் கொடுக்கிறவருக்கு நாம் செய்கிற மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. நம்மூர்க் கடைகள் இருக்கிற எடிசன் வரைக்கும் போய் ஜரிகை போட்ட பொன்னாடை வாங்கி வந்து, பீட்சா டப்பாக்களுக்கு நடுவில் அவருக்குப் போர்த்தினேன். அவ்வளவு உயரமான மனிதர் குனிந்து வாங்கிக்கொண்டார். கண் கலங்கினார். நானும் அழுதேன், பைத்தியக்காரி.

அடுத்த வாரம் ட்ரைஅவுட். இங்கே வருஷா வருஷம் எல்லாப் பிள்ளைகளும் புதிதாக ஆடிக் காட்டித்தான் இடம் பிடிக்க வேண்டும். மைதானத்தில் பாதிப் பிள்ளைகளைக் காணோம். கோச்சையும் காணோம். பக்கத்து ஊர் கிளப்பில் சேர்ந்துவிட்டாராம். வேண்டிய பிள்ளைகளிடம் முன்பே பேசிக் கூடவே கூட்டிப் போய்விட்டாராம். அங்கே உயரமான கீப்பர் ஒருத்தி இருந்ததால் என் மகள் தேவைப்படவில்லை. பொன்னாடைக்குத் தலை குனிந்தபோதே அவருக்கு எல்லாம் தெரியும்.

என் நெருங்கிய தோழியின் மகளும் போயிருந்தாள். எங்கள் பிள்ளைகள் இருவரும் ஒரே காரில் போய் வந்தவர்கள். போன் போட்டேன்.

"சொல்லணும்னுதான்டி இருந்தேன். கோச்தான் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாரு. நீயா இருந்தாலும் இதையேதான் பண்ணியிருப்ப."

"மாட்டேன்டி. செத்தாலும் மாட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள் என்று சமையலறையில் பாத்திரங்களிடம் கத்தினேன். மகள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மிச்சமிருந்த பிள்ளைகளோடு புதிதாகச் சிலரைச் சேர்த்து ஒரு டீமைத் தேற்றினோம். வேறு கீப்பர் கிடையாது. இவளை நம்பித்தான் எல்லோரும் சேர்ந்தார்கள்.

ஆகஸ்டில் கோச்சிடமிருந்து மெசேஜ் வந்தது. அந்த உயரமான பெண்ணுக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டதாம். இன்று சாயங்காலமே என் மகளை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கும் இல்லை.

"எவ்ளோ தைரியம் பாத்தியா இந்த ஆளுக்கு!" என்று போனை மகளிடம் நீட்டினேன். அவளும் கொதிப்பாள் என்றுதான் நீட்டினேன்.

படித்தாள். முகம் மலர்ந்தது.

"ஐ வான்ட் டு கோ, அம்மா."

"அப்ப இந்தப் பொண்ணுங்க? சனிக்கிழமை மேட்ச் இருக்குடி. கோல்ல யாரு நிப்பா?"

க்ளவுஸைத் தேடி எடுத்துக்கொண்டே, "ஜஸ்ட் டோன்ட் டெல் தெம் யெட்" என்றாள்.

அவள் ஆசையைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியவில்லை. அவள் காரில் ஏறி உட்கார்ந்ததும், எங்கள் டீம் அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் விஷயத்தை எழுதிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

பாதி வழியில் அவள் போனுக்கு டீம் பிள்ளைகளின் மெசேஜ்கள் வர ஆரம்பித்தன. படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹவ் குட் யூ டூ திஸ் டு மீ?"

கோச்சை நேரில் பார்த்தால் கேட்க வேண்டும் என்று நான் வைத்திருந்த கேள்வி அது. என் மகள் அதை என்னைக் கேட்டாள்.