சுண்ணாம்புப் பள்ளிக்கூடம்

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கள்ளிச்செடித் தொட்டியின் ஓரம், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒன்றின் வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருக்கும். கல்கத்தா அலிப்பூரில் இருந்த அந்தக் கட்டட நிறுவனத்தின் குளிரூட்டிய அலுவலகத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஒரே ஆள் அவர்தான். வாசலில் நிற்கும் தர்வான் சிரிப்பான். "இது கோயில் இல்ல மாஷிமா, போட்டுக்கிட்டே போங்க" என்பான். அவர் காதில் வாங்கமாட்டார். சில்லென்ற கல் தரையில் வெறுங்காலோடு நடந்துவந்து, எங்கள் வரைமேசைக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "என் பள்ளிக்கூடம் எங்கே?"

பொர்தி என்று எல்லோரும் அவரை அழைத்தார்கள். பெரியக்கா என்று அர்த்தம். வங்காளத்துப் பள்ளிகளில் தலைமை ஆசிரியைக்கு அதுதான் பெயர். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நகரத்தின் கிழக்கு ஓரத்து ராஜார்ஹாட்டில் அப்போது கோபுரங்கள் கிடையாது. மீன் வளர்க்கும் ஏரிகள், கடுகு வயல்கள், மூங்கில் புதர்கள், நடுவே ஓடு வேய்ந்த இரண்டு அறைகளில் பொர்தியின் ஆரம்பப் பள்ளி. சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் எங்கள் நிறுவனம் வாங்கிவிட்டது. பள்ளி நிலம் மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய கீரைபோல நடுவில் நின்றது. கடைசியில் பள்ளியின் நிர்வாகக் குழு அதையும் கொடுத்தது. அடுக்குமாடி வளாகத்துக்குள்ளேயே அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதே பள்ளியைப் புதிதாகக் கட்டித் தர வேண்டும் என்பது பேச்சு. புதுக் கட்டட வேலை தொடங்கும்வரை பழையதில் ஒரு ஓட்டைக்கூடத் தொடக்கூடாது என்பதும் பேச்சு. இரண்டாவதைப் பிடிவாதமாகச் சேர்க்கவைத்தவர் பொர்தி.

நான் கட்டடக்கலை நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அரை வருடம் ஏதாவது ஓர் அலுவலகத்தில் பயிற்சி எடுத்தால்தான் பட்டம். மத்திய அரசு வேலையில் மாற்றலாகி வந்த என் அப்பாவுக்கு இந்த நகரத்தில் தெரிந்த ஒரே கட்டடக்காரர், நவராத்திரிக் கொலுவில் சுண்டல் தொன்னையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருந்த தமிழர். நிறுவனத்தின் முதலாளியும் அவரே, தலைமைக் கட்டடக் கலைஞரும் அவரே. நாங்கள் சார் என்போம். கட்டி விற்பவர்களை இங்கே புரோமோட்டர் என்பார்கள், சொல்லும்போதே உதடு கொஞ்சம் கோணும். சாரைச் சொல்லும்போது மட்டும் யாருக்கும் உதடு கோணாது. குரல் அப்படி. வெந்நீர் ஒத்தடம்போல ஒரு குரல். முதல் நாளே என்னையும், ஹவுராவிலிருந்து படகேறி வரும் இன்னொரு மாணவனையும் கூப்பிட்டு, "டவர் எல்லாம் யார் வேணா வரையலாம்மா. ஸ்கூல் வரையறதுக்கு மனசு வேணும். அது உங்க ரெண்டு பேருக்கு" என்றார். எங்களுக்கு மனசு இருப்பதை ஒருவர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டாரே என்று பூரித்துப்போனோம். இருபது வயதில் புகழ்ச்சி தொண்டையில் இறங்கும் சத்தம்கூடக் கேட்பதில்லை.

வரைந்தேன். அப்படி அதற்கப்புறம் நான் எதையும் வரையவில்லை. குழந்தை உட்கார்ந்தால் ஏரி தெரிகிற உயரத்தில் ஜன்னல். மழை நாளில் வரிசையாகச் செருப்பு விட ஒரு நீண்ட தாழ்வாரம். மதிய வெயில் மூன்றாம் வகுப்புக்குள் எந்தப் பலகைவரை வரும், மார்கழியில் எதுவரை வரும் என்று கணக்குப் போட்டுப் போட்டு அழித்தேன். பொர்தி வரும்போதெல்லாம் சார் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, டீச்சர்களை இங்கே கூப்பிடுகிறபடி, "தீதிமணி வந்தாச்சா? புது ஷீட் ஒண்ணு காட்டி அனுப்பும்மா" என்பார். அம்மோனியா நெடி போகாத நீலக்கோட்டுப் பிரிண்டை விரித்து வைப்போம். பொர்தி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூலை மூலையாகப் பார்ப்பார். தண்ணீர்த் தொட்டி எங்கே என்பார், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பார். பிறகு அதைச் சுருட்டி ஜோல்னாப் பையில் செருகிக்கொண்டு எழுந்துவிடுவார். நன்றாயிருக்கிறது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எனக்கு அது உறுத்தியது.

அந்த உறுத்தலில்தான் ஒரு சனிக்கிழமை அவர் பள்ளிக்கே போனோம். உல்டாடாங்காவில் பஸ் பிடித்து, இறங்கி, மூன்று சக்கரச் சைக்கிள் வண்டியின் பலகையில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்து யானை வரைந்துகொண்டிருந்தார்கள். காகிதத்தின் ஓரம் சுருண்ட இடத்தில் அடிப்பக்கம் நீலக் கோடுகள் தெரிந்தன. குனிந்து ஒன்றைத் திருப்பினேன். பள்ளிக்கூடம். என்னுடையது அல்ல. இன்னொன்றைத் திருப்பினேன். வேறொரு பள்ளிக்கூடம், வட்டமான முற்றத்தோடு.

"அது போன வருஷத்துப் பசங்க" என்றார் பொர்தி, கையில் பிரம்போடு நின்றபடி. "அதுக்கு முந்தி ஒரு பொண்ணு வந்தா, மாடி எல்லாம் வெச்சா. நீங்க மூணாவது கோஷ்டி. ஒவ்வொரு கோஷ்டியும் எனக்கு ஒரு பள்ளிக்கூடம் குடுத்துட்டுப் போகுது. பணக்காரி நான். பின்பக்கம் வெள்ளையா இருக்கறதால பிள்ளைங்களுக்கு ஆகுது."

ஹவுராப் பையன் சிரிக்க முயன்றான். "பொர்தி, இந்தத் தடவை நிஜமாவே கட்டிடுவாங்க. இந்த மெட்ராஸிக்காரி சோறு தண்ணி இல்லாம வரையறா."

"வரையட்டும். யானை போடக் காகிதம் வேணும்ல."

அலுவலகத்தில் அந்தப் பள்ளிக்கு வேறு யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கம்பிக் கணக்குப் போடும் எஞ்சினியர் இல்லை, மண் பரிசோதனை இல்லை, ஒப்பந்தக்காரர் இல்லை. பயிற்சி மாணவர்கள் மட்டும் இருந்தார்கள். கேட்டு வருகிறவருக்குக் காட்ட ஒரு தாள் வேண்டும். தாளுக்கு ஒரு கை வேண்டும். சம்பளமில்லாத கை வருடா வருடம் கல்லூரியிலிருந்து வரும். அவ்வளவுதான் ஏற்பாடு. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! பொய் சொல்கிறவனுக்கு முகத்தில் ஒரு சுளிப்பு வந்துவிடும். நாங்கள் உண்மையாகவே நம்பினோம், ஆகவே எங்கள் முகம் சுத்தமாக இருந்தது. அந்த முகத்துக்காகத்தான் எங்களை எடுத்திருந்தார்கள்.

கிளம்பும்போது பொர்தி என் கையைப் பிடித்தார். "காகிதம் போதும்மா. காகிதத்துல இன்னிக்கு ஏரிப்பக்கம் இருக்கும், நாளைக்கு சாக்கடைப்பக்கம் போயிடும். நீ தரையில ஒரு கோடு போட்டுக் குடு. என் பிள்ளைங்க எங்க உக்காரப்போறாங்கன்னு மண்ணுல எழுதிக் குடு. மண்ணுல எழுதினா உங்க சார் முகத்தைத் திருப்பிக்க முடியாது."

அடுத்த சனிக்கிழமை முளைக்குச்சி, நூல்கண்டு, இரண்டு மூட்டை சுண்ணாம்புத் தூளோடு போனோம். யாரிடமும் கேட்கவில்லை. ஆற்றோரமெல்லாம் காஷ் என்னும் நாணல்பூ வெள்ளையாக ஆடும் மாதம் அது, வானம் துவைத்துப்போட்ட மாதிரி இருந்தது. ஏரியைப் பார்த்த மேட்டில், வரைபடத்தில் இருந்தபடியே, மூலைமட்டம் பார்த்து நூல் கட்டினோம். பையன் தகர டப்பாவில் ஓட்டை போட்டுச் சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே பின்னால் நடந்தான். வகுப்பறைகள் ஒவ்வொன்றாகப் புல்லின் மேல் எழுந்தன. சுவர் இல்லை, கூரை இல்லை, ஆனால் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்தது. கதவுக்கென்று விட்ட இடைவெளி வழியாக மட்டுமே நுழைந்தார்கள். ஒருத்தன் அவசரத்தில் கோட்டைத் தாண்ட, "ஐயோ, செவுத்துல முட்டிக்கிட்டான்! மண்டை உடைஞ்சுது!" என்று மொத்தப் பள்ளியும் கத்தியது, அவனும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பொர்தி மூன்றாம் வகுப்பின் நடுவில் போய் நின்றார். ஏரிப் பக்கம் திரும்பினார். இல்லாத ஜன்னல் வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

சார் திட்டுவார் என்று பயந்துகொண்டே திங்கட்கிழமை போனேன். அவர் எழுந்து நின்று கைதட்டினார். "இது இதுவரைக்கும் ஒருத்தருக்கும் தோணலையேம்மா!" என்றார். இரண்டு நாளில் அந்த மேட்டில் ஒரு புரோகிதர், ஒரு தேங்காய், மாவிலை கட்டிய ஒரு செங்கல், ஒரு போட்டோகிராஃபர். சுண்ணாம்புக் கோட்டுக்குள் பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். பொர்திக்கு மாலை போட்டார்கள். நிர்வாகக் குழுச் செயலர், புதுக் கட்டட வேலை தொடங்கிவிட்டது என்று எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போட்டார். ஏன் போடமாட்டார்? கோடு கண்ணெதிரே பளபளவென்று கிடந்தது. நான் கூட்டத்தில் நின்று கைதட்டினேன். பொர்தியும் தட்டினார்.

துர்கா பூஜை விடுமுறை வந்தது. ஊரே பந்தல் பந்தலாகச் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் பழைய பள்ளியை இடித்தார்கள். இரண்டு அறை, கொஞ்சம் ஓடு, மூங்கில். பெரிய வேலை ஒன்றுமில்லை. பள்ளி திறக்கும் நாளில் நானும் பையனும் ஓடினோம். இடிந்த இடத்தைச் சமன்கூடச் செய்திருந்தார்கள். பொர்தி அங்கே இல்லை. மேட்டில், சுண்ணாம்புக் கோட்டுக்குள், மூன்றாம் வகுப்பு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாம் வகுப்பு உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. வெயில் நான் கணக்குப் போட்ட பலகைவரை இல்லை, எல்லா இடத்திலும் இருந்தது. பொர்தி எங்களைப் பார்த்தார், வாய்ப்பாட்டை நிறுத்தவில்லை.

"சார், ஸ்கூல் வேலை எப்ப சார் ஆரம்பிக்கும்?" என்று அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன்.

"ஆரம்பிச்சாச்சேம்மா" என்றார் சார், அதே ஒத்தடக் குரலில். "போட்டோ பார்க்கலையா?"

பயிற்சி முடிந்தது. பள்ளி ஒன்றின் வடிவமைப்பிலும் கள வேலையிலும் சிறப்பாகப் பங்காற்றினார் என்று எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. அதைக் காட்டித்தான் அடுத்த வேலையும் அதற்கடுத்ததும் கிடைத்தன. சித்திரையில் கால்பைசாகி என்கிற கோடைப்புயல் வந்து பள்ளியைக் கழுவிக்கொண்டு போயிற்று என்று ஹவுராப் பையன் சொன்னான். அதற்குப் பிறகு ஊர்க் கிளப்பின் தாழ்வாரத்தில் கொஞ்ச நாள் நடந்ததாம். பிறகு பிள்ளைகள் செங்கல் சூளைக்கும், கட்டட வேலைக்கும், அக்கா வீட்டுக்கும் என்று கலைந்துவிட்டார்களாம். மூன்றாம் வகுப்பின் மேல் இப்போது நீச்சல் குளம்.

சில வருடங்கள் கழித்து உல்டாடாங்கா பஸ் நிறுத்தத்தில் பொர்தியைப் பார்த்தேன். அந்த வளாகத்துக் குழந்தைகளுக்கு வங்காள எழுத்து வரவில்லையாம், வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறாராம். வேலைக்காரர்களுக்கான லிஃப்டில்தான் ஏற வேண்டும் என்று சாதாரணமாகச் சொன்னார். நான் என்னவோ முணுமுணுத்தேன். மன்னிப்பு மாதிரி ஒன்று, பாதியில் நின்றுபோனது.

"விடும்மா" என்றார். "மோசமா வரைஞ்ச பசங்களால எனக்கு ஒரு கெடுதலும் வரல. யானை போட்டோம், முடிஞ்சுது. நீ நல்லா வரைஞ்ச."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். எத்தனையோ பேர் என் வேலையைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் நிலைத்ததில்லை. இது மட்டும் எந்த வீட்டுக்கு மாறினாலும், எந்த வேலையை உதறினாலும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. இதைக் குற்றவுணர்ச்சி என்று சொல்லி அழகுபடுத்த எனக்கு மனமில்லை. இது கோபம். நல்லதைச் செய்யத் தெரிந்த ஒரு கையை, நல்லதைச் செய்யும்போதே திருடிக்கொண்டார்களே என்ற கோபம்.

நான் சொந்தமாகச் சின்ன அலுவலகம் வைத்த பிறகு, இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஒரு மாணவி வேலை கேட்டு வந்தாள். சாரிடம் பயிற்சி முடித்தவள். தன் வரைபடங்களைப் பெருமையோடு விரித்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓர் ஆரம்பப் பள்ளி, ராஜார்ஹாட்டில் எழுந்த நியூ டவுனுக்கும் அப்பால். அழகாக இருந்தது.

"இது கட்டறாங்களாம்மா?"

"ஆரம்பிச்சாச்சு மேடம். நாங்களே போய்ச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். ஸ்கூல்னா முதல்ல கோடு போட்டுப் பூஜை பண்ணிடணும், அது எங்க ஆபீஸ் வழக்கம்னு சார் சொன்னார்."

வழக்கம். அவளை அப்படியே விட்டுவிட்டு அந்த ஊருக்கு டாக்சி பிடித்தேன். அங்கே பழைய பள்ளி இன்னும் இடிபடாமல் நின்றது. தலைமை ஆசிரியர் இளைஞர், தேநீர் வரவழைத்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். ஒரு நாள்கூட இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வராதீர்கள் என்றேன். அவர் சிரித்தார். "தீதி, மத்தவங்க காகிதத்துல காட்டுவாங்க. இவங்க மண்ணுலயே எழுதிட்டாங்களே" என்று என்னை அழைத்துப்போய்க் காட்டினார்.

புல்லின் மேல் வெள்ளைக் கோடுகள். உள்ளே பிள்ளைகள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. காலால் தேய்த்து அழிக்க ஆரம்பித்தேன். ஒரு சுவர், இன்னொரு சுவர், ஜன்னல். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு அலறினார்கள். தலைமை ஆசிரியர் என் தோளைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேர் ஓடிவந்தார்கள். டாக்சிக்கதவை அவர்களே சாத்தினார்கள். கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள் எங்கிருந்தோ சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு வந்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, நான் அழித்ததையெல்லாம் கையாலேயே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.