லிப்ட் தாளின் பின்பக்கம்

என் அக்காவைக் கட்டிய மாமா பெரிய ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓட்டுகிறவர். நாள் முழுக்க மேலே போனாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறாரே என்று நான் கிண்டல் செய்வேன். நாற்பத்தாறு வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்து என் வாயை அடைத்தார்.

சமூகவியல் பாடத்துக்குப் பரீட்சை கிடையாது, நீளமாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். நோயாளிகளுக்குத் துணையாக வருகிறவர்களைப் பற்றி மாமா எழுதினார். ஐந்து மாடி ஏறுவதற்குள் யார் வாய் ஓயாமல் பேசுவார்கள், யார் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் கீழே வைக்காமல் படித்து முடித்தேன். பேராசிரியருக்கோ சந்தேகம் வந்துவிட்டது. லிப்ட் ஓட்டுகிறவருக்கு இந்த எழுத்து எங்கிருந்து வரும்? பாஸாகும் அளவுக்கு மட்டும் மார்க் போட்டு, ‘வேறு யாரோ எழுதியது’ என்று ஓரத்தில் குறித்தும் வைத்தார்.

பாஸ்தானே, விட்டுத்தள்ளுங்கள் என்றாள் அக்கா.

“மார்க் போனா போகட்டும். நான் எழுதலன்னு எழுதி வச்சிருக்காரே, அத எப்படி விடறது?” என்றார் மாமா.

மார்க்கை எதிர்த்து முறையிடப் பதினைந்து நாள் அவகாசம். முதலில் பேராசிரியரிடமே கேட்க வேண்டும், அவர் மசியாவிட்டால் மேல்முறையீட்டுக் குழுவுக்கு மனு. பேராசிரியர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மனு எழுதும் வேலையை நான் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்று பக்கத்துக்கு அந்த ஆளைக் கிழி கிழியென்று கிழித்தேன். மாமா பொறுமையாகப் படித்துவிட்டு எல்லாவற்றையும் அடித்தார். மிஞ்சியது நாலே வரி: எந்தப் பாடம், என்ன மார்க், என்ன காரணம் சொன்னார்கள், அது ஏன் தவறு.

“இதுக்கு ஆதாரம் வேணுமே மாமா?”

“இருக்குடா. காட்டினா வேலைல கைவைப்பாங்க.”

லிப்ட் எத்தனை முறை ஏறி இறங்கியது என்று தினமும் ஒரு தாளில் குறிக்க வேண்டும். தேதி அச்சடித்த தாள். மேற்பார்வையாளர் பதிவேட்டில் ஏற்றியதும் அது குப்பைக்குப் போகும். கூட்டம் இல்லாத நேரங்களில் மாமா அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி, அடித்து, திருத்தி எழுதி, பிறகு குப்பைக்குப் போகாமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். மொத்தம் அறுபத்திரண்டு தாள். அவ்வளவும் டியூட்டி நேரத்தில் எழுதியது.

பதின்மூன்று நாள் அந்தக் கட்டைக் கையில் வைத்துத் திண்டாடினார். பதினான்காம் நாள் அக்காவே அதை மனுவோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள். போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அவள்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

குழு சும்மா நம்பவில்லை. தாள்கள் நிஜம்தானா என்று ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கேட்டது. நிஜம்தான் என்று பதில் போனது. அடுத்த மாதம் மார்க் திருத்தப்பட்டது, ஓரக்குறிப்பும் நீக்கப்பட்டது. அதே வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து மெமோ வந்தது: ‘பணி நேரத்தில் தாங்கள் லிப்டில் அமர்ந்து கட்டுரை எழுதியது தெரியவந்துள்ளது. விளக்கம் அளிக்கவும்.’

வேலை போச்சு என்றேன் நான். மாமா அதை இரண்டு தடவை வாசித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா, இவங்களும் சொல்லிட்டாங்க.”

விளக்கக் கடிதம் எழுத நான் பேனாவை எடுத்தேன். வாங்கிக்கொண்டு அவரே எழுதினார், ஒரே வரி.

‘ஆமாம் ஐயா, நான்தான் எழுதினேன்.’