மாதா கோயிலுக்குச் சுண்ணாம்பு

தாராவியில் எந்தச் சுவரைக் காட்டினாலும் பிரம்மநாயகம் சாயங்காலத்துக்குள் வெள்ளையடித்து முடித்துவிடுவார். ஒரு முழத் தாள்தான் அவரைச் சித்திரவதை செய்தது.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் மனைவி ஆறுமுகத்தாய் பேசவில்லை. அது கூடப் போகட்டும். சோறு ஊட்டுகிற அவரையே யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அதுதான் அவரை உள்ளுக்குள் தின்றது. பழசை எதையாவது காட்டுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கல்யாணப் படத்தைக் காட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செம்பூர்ப் பக்கம் ஓட்டுக்கூரை போட்ட சின்ன மாதா கோயில் ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து பிடித்த முதல் வேலை அது. அதிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்பும், சுவரில் பிடித்து நிற்கப் பசை கலந்து அவர் சுண்ணாம்பு அடிப்பார். காய்ந்ததும் அவள் கட்டைவிரலால் சுவரைத் தேய்ப்பாள். வெள்ளை ஒட்டினால் விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

"நிக்கலயே மாமா. பசைய நீங்களே குடிச்சிட்டீங்களா?"

அந்தக் கோயிலை இடித்துக் கிரானைட்டில் கட்டிவிட்டார்கள். "போன்ல தேடினாலும் புதுசுதான் வருது அண்ணாச்சி" என்றாள் பக்கத்து வீட்டு மாலதி. பழைய கோயிலை வரைந்து காட்டச் சொல்லி, தன் மகளின் கலர்ப் பெட்டியையும் நாலைந்து தாள்களையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

சுவர் அடித்த கை சும்மா இருக்குமா? தாள் முழுக்க முதல் பூச்சாக நீல வானத்தை அடித்துவிட்டார். அதன்மேல் மாமரம், கிணறு, கல் சிலுவை, இரண்டு கோழிகள். கடைசியாகக் கோயிலுக்கு வெள்ளை வைத்தால் நீலம் பல்லை இளித்தது. தண்ணீர்க் கலரில் வெள்ளைக்கான இடத்தைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? மேலே மேலே அடித்தார். தாள் நைந்து கோயில் சேறானது. அடுத்தடுத்த தாள்களிலும் பழகின கை அதையே செய்தது. "ஒரு கோயில உன்னால நிறுத்த முடியலியேல" என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதார்.

மிச்சமிருந்த ஒரே தாளிலும் நீலம் இளித்தபோது, பரணிலிருந்த சுண்ணாம்பை இறக்கிக் குழைத்து அப்பினார். கோயில் பளிச்சென்று எழுந்து நின்றது.

காய்ந்ததும் அவள் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"ஏட்டி, நம்ம கோயிலு. பாரு. என்னயத் தெரியுதா?"

அவள் பார்த்தாள். கண்ணில் ஒன்றும் அசையவில்லை. தாளைப் பிடித்திருந்த அவர் கை வலிக்க ஆரம்பித்தது. இனி காட்டுவதற்கு அவரிடம் வேறு எதுவும் இல்லை. தாளை மடக்கப் போனார்.

அவளுடைய நல்ல கை மெல்ல எழுந்தது. கட்டைவிரல் கோயில் சுவரைத் தேய்த்தது. வெள்ளை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மறந்துட்டேன்" என்றார். "பசை போட மறந்துட்டேன்ட்டி."

விரலை அவள் இறக்கவில்லை.