மகளின் தேர்வும் என் மௌன விரதமும்

என் மகள் சட்டத்தையும், மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்கிற மனவியல் படிப்பையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படித்தாள். ஐந்து வருஷப் படிப்பு. நான் பத்தாவதோடு நின்றவன். ஹைதராபாத் மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும். ஹைதராபாத் முழுக்கக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அமீர்பேட்டில் ஏதாவது ஒரு கோர்ஸ் படித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். திருச்செந்தூரிலிருந்து என் மைத்துனன் போன் பண்ணும்போதெல்லாம் இதே கேலிதான்.

"என்ன அத்தான், ஒங்க மவ பைத்தியக்காரங்களுக்கு வக்கீலாப் போறாளோ? சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க. நம்ம குடும்பத்துலயே ஏகப்பட்ட கேஸ் இருக்கு."

நானும் சிரித்துவைப்பேன். அவளுக்குப் பிடித்துப் படிக்கிறாள், முருகன் பார்த்துக்கொள்வான் என்று இருந்தேன். மூன்றாம் வருஷம் வந்தது அந்தப் பிராக்டிகல் பரீட்சை.

அந்தப் பரீட்சைக்கு மாணவர்கள் தங்களோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பரீட்சை அறையில் சீட்டு எடுப்பார்கள். எந்தச் சோதனை வருகிறதோ, அதைக் கூட்டிப்போன ஆளை உட்காரவைத்து நடத்திக் காட்ட வேண்டும். அந்த ஆளுக்குச் சோதனை முன்கூட்டித் தெரிந்திருக்கக் கூடாது. புதிதாக உட்கார வேண்டும். இதுதான் விதி.

முதல் தடவை என் மனைவியைக் கூட்டிப்போனாள். அங்கேதான் தப்பு நடந்தது. வீட்டில் மகள் பழகிப் பார்த்ததெல்லாம் அம்மாவை வைத்துத்தான். அர்த்தமில்லாத எழுத்துக் கோவைகளை அட்டையில் ஒவ்வொன்றாகக் காட்டி, எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பது ஒரு சோதனை. என் மனைவி சமையல் பண்ணும்போதும் அதையே முணுமுணுத்துப் பழகியிருந்தாள். பிள்ளைக்கு நிறைய மார்க் வரட்டும் என்று நினைப்பு. பரீட்சையில் அதே சீட்டுதான் வந்தது. மகள் முதல் அட்டையைத் தூக்கவும், இவள் கண்ணை மூடிக்கொண்டு, கைகூப்பாத குறையாக, மொத்த வரிசையையும் மந்திரம் மாதிரி ஒப்பித்துவிட்டாள். மீதி அட்டைகளை மகள் இன்னும் காட்டவே இல்லை! வெளியிலிருந்து வந்திருந்த பரீட்சை அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டார்களாம்.

மகள் அதில் தேறவில்லை. மறுபடி எழுத ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். அதிலும் தவறினால் நான்காம் வருஷத்துக்குப் போக முடியாது. அந்த வாரங்களில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்:

"பா, இந்தத் தடவையும் போச்சுன்னா நான் காலேஜுக்கே போக மாட்டேன். எல்லாரும் போற மாதிரி அமீர்பேட்லயே ஒரு கோர்ஸ்ல சேத்து விட்டுருங்க."

அவள் அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடையில் சாமானைத் திருப்பிக் கொடுப்பது போலச் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி ஒன்றுதான். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். அன்றைக்கு, பிள்ளை கண் திறக்கிறவரை நான் வாய் திறக்க மாட்டேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். கண் திறந்தாள். அந்த நம்பிக்கையில், பரீட்சையன்று அவள் வாசல் தாண்டியதிலிருந்து திரும்பி வீட்டுக்குள் வருகிறவரை மௌன விரதம் என்று நேர்ந்துகொண்டேன். மனைவிக்கு மட்டும் தெரியும். தொழிற்சாலையில் லீவு சொல்லியாயிற்று.

அன்று காலை அவள் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பிவிட்டு முருகன் படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். இந்தத் தடவை அமீர்பேட் ஹாஸ்டலில் இருந்த ஒரு சிநேகிதி வருவதாக ஏற்பாடு. கொஞ்ச நேரத்தில் என் செல்போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"பா, அவளுக்குத் திடீர்னு இன்டர்வியூ வந்துருச்சாம். வரல. நீங்க உடனே வாங்க பா. நீங்க ஒருத்தர்தான் எந்த டெஸ்டுக்கும் உட்காராத ஆள். ஹலோ? பா? கேக்குதா?"

எனக்குக் கேட்டது. பதில் சொல்ல நாக்கு எழவில்லை. ஹலோ ஹலோ என்று அவள் குரல் உடைய உடைய, நான் போனைப் பிடித்தபடியே நின்றேன். என் மனைவி ஓடிவந்து பிடுங்கினாள்.

"ஏட்டி, அப்பா வாராவ. நீ பயப்படாம இரு" என்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சட்டைய மாட்டுங்க. என்ன முழிக்கீங்க? பேசணுமோ பேசவேண்டாமோ, அங்க போய்ப் பாத்துக்கிடலாம்."

ஆட்டோவில் போகும்போது ஒரே வேண்டுதல்தான். கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைகிற சோதனை ஒன்று உண்டென்று மகள் சொல்லியிருந்தாள். அந்தச் சீட்டு வரட்டும், முருகா. கையால் செய்துவிட்டு வந்துவிடுகிறேன்.

கல்லூரி வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். சீட்டு ஏற்கெனவே எடுத்தாயிற்று. அவள் ஒரு வார்த்தை சொல்லச் சொல்ல, கேட்பவர் மனசில் முதலில் தோன்றும் வார்த்தையை உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வந்திருந்தது அந்தச் சோதனை.

என் மனைவி விரதத்தைப் பற்றிச் சொன்னாள். மகள் என்னையே பார்த்தாள்.

"அய்யோ, இன்னைக்குப் போய் எதுக்குப்பா இது? யாரு கேட்டா?"

"ஒனக்காகத்தான்ட்டி இருக்காவ" என்றாள் மனைவி.

"தெரியும்மா. அதான்..." என்று நிறுத்திவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசுங்கன்னு நான் கேக்க மாட்டேன் பா. உள்ள வந்து உக்காருங்க. ஆள் வரலன்னாவது அவங்க எழுதாம இருப்பாங்க" என்றாள்.

கேட்டிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ. அவள் கேட்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. பேசினால் விரதம் உடைந்து அவளுக்கே கேடு வரும். பேசாவிட்டால் இதோ, கண்ணெதிரே படிப்பு போகும். இரண்டு பக்கமும் என் பிள்ளைதான். இறைவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரியாமல் அந்த அறைக்குள் போனேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் பரீட்சை அம்மா. தெலுங்குக்காரர். "அவருக்கு எந்த மொழி வசதியோ அதிலேயே நடத்து, இங்கிலீஷில் எழுதிக் காட்டு" என்றார். மகள் எனக்கு எதிரே உட்கார்ந்து, கையில் ஸ்டாப்வாட்சை எடுத்தாள்.

"தண்ணி" என்றாள்.

வாயை இறுக்கிக்கொண்டேன். கடிகார முள் ஓடியது. அவள் எதையோ குறித்தாள்.

"வீடு."

பேசவில்லை. பரீட்சை அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மாட்லாடண்டி" என்றார். பேசுங்கள் என்கிறார். எனக்குத் தெலுங்கு தெரியாமலில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"கடல்" என்றாள் மகள். திருச்செந்தூர்க் கடல் கண்ணுக்குள் வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஸ்டாப்வாட்சைத் திரும்ப அழுத்திவிட்டு அடுத்த வார்த்தையைப் பார்த்தாள்.

"பயம்."

"பாப்பா" என்றேன்.

நான் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது. வீட்டில் அவளை நாங்கள் கூப்பிடுவது அப்படித்தான். அவள் முள்ளை நிறுத்தவும் மறந்து என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, எழுதிக்கொண்டு, அடுத்ததைச் சொன்னாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? கேட்டதற்கெல்லாம் சொன்னேன்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானே அவள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் என்று அழுதேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறினாள்.

"நாந்தான் வாயத் தொறந்து கெடுத்தேன்னு பாத்தா, நீங்களுமா?" என்றாள். பிறகு அவளும் அழுதாள்.

மகள் வந்ததும் சொன்னாள். அந்த அம்மா, முதல் மூன்றுக்கும் ஏன் பதிலே இல்லை என்று கேட்டார்களாம். பதில் வராததையும் குறிக்க வேண்டும், அதற்கும் காரணம் சொல்ல வேண்டும், அதுவும் சோதனையில் சேர்த்தி. "இவர் என் அப்பா, எனக்காக மௌன விரதம் இருக்கிறார்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். நான்காவதற்கு ஏன் உடனே வந்தது என்று அவர் கேட்கவில்லையாம். தாளை வாங்கி வைத்துக்கொண்டாராம். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்கும் தெரியவில்லை.

முடிவு வருகிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மெஷின் முன்னால் நிற்கும்போதும் உதடு முருகா முருகா என்றபடி இருக்கும். விளக்கேற்றுவேன், படத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டேன். ஒரு சாயங்காலம் நான் ஷிப்ட் முடிந்து வரும்போது மகள் வாசல் கேட்டில் நின்றாள். தேறிவிட்டாள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தேறியிருந்தாள். மனைவி சர்க்கரையை எல்லார் வாயிலும் போட்டாள். என் வாயில் அது கரையவே இல்லை.

லீவு கிடைத்ததும் திருச்செந்தூருக்குப் போய் முடியிறக்கினேன். சந்நிதியில் நின்று சொல்ல வேண்டியதை ரயில் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். கொடுத்த வாக்கைக் காக்க முடியவில்லை, அவள்மேல் போட்டுவிடாதே, என்மேல் போடு என்று. திரை விலகியது. தீபம் காட்டினார்கள். யோசித்து வைத்த ஒன்றும் வரவில்லை.

"பாப்பா" என்றேன்.

பக்கத்தில் நின்ற மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அவனுக்குத் தெரியும், நகருங்க. பின்னால ஆளு நிக்காவ" என்றாள்.