நீலம் செங்கல் நிறமான காலை

மூத்திரம் ஊற்றிய கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "சொல்லும்மா, என்ன வச்சிருக்கே?" என்று கொஞ்சாமல் எங்கள் லேப் அக்கா ஒரு பரிசோதனையும் தொடங்கியதில்லை. அந்த அறையைப் பல வருடமாகக் கூட்டித் துடைப்பவள் நான். மனிதர்களிடம் அவர் அவ்வளவு பேசிப் பார்த்ததில்லை.

என் தங்கச்சிக்குப் பிறந்து சில நாளே ஆன பிள்ளைக்கு மஞ்சள் காமாலை; எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருந்தோம். விளக்குக்கு அடியில் கிடத்தியும் இறங்கவில்லை. பால் குடித்தால் கக்கினான், வயிறு உப்பியது. டாக்டரம்மா பாலை நிறுத்தி டிரிப் ஏற்றினார். மறுநாள் லேபுக்கே வந்துவிட்டார்.

"பால்ல இருக்கிற சர்க்கரை செரிக்காத பிறவிக் கோளாறோன்னு சந்தேகமா இருக்குக்கா. அப்படி இருந்து, திரும்பப் பால் கொடுத்தோம்னா கல்லீரல் போயிடும்."

அன்று பிடித்த சிறுநீரை நீலத் திரவத்தில் விட்டு அக்கா காய்ச்சினார். சர்க்கரை இருந்தால் நிறம் மாற வேண்டும். மாறவில்லை.

"ஒண்ணுமில்லையா? அப்ப பால் கொடுக்கலாமா?" என்றார் வாசலில் நின்ற தங்கச்சி புருஷன்.

டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, என் புத்தி! நேத்துலேருந்து பாலே குடிக்காத பிள்ளைக்குப் பால் சர்க்கரை எங்கேருந்து வரும்? சேர்த்த அன்னைக்குப் பிடிச்சது இருந்தா..."

அக்கா தரையைப் பார்த்தார். "இருக்கு டாக்டர். கொட்டியிருக்கணும். பிரிட்ஜைக் கழுவச் சோம்பல்பட்டு விட்டுட்டேன்."

"உங்க சோம்பல் நல்லாருக்கட்டும், எடுங்க!"

அக்கா அதையும் நீலத் திரவத்தில் விட்டுக் காய்ச்சினார். சூடு ஏற ஏற நீலம் பச்சையானது, மஞ்சளானது, சட்டென்று செங்கல் நிறத்தில் நின்றது. அக்கா இடுக்கியோடு குதித்தார். டாக்டரம்மாவும் குதித்தார். துடைப்பத்தை விட்டுவிட்டு நானும் குதித்தேன்.

"நல்ல சேதியா, கெட்ட சேதியா? யாராவது சொல்லிட்டுக் குதிங்களேன்!" என்றார் தங்கச்சி புருஷன்.

"நோய் சிக்கிடுச்சு தம்பி! இனிமே தப்ப விடமாட்டோம்!" என்றார் அக்கா.

வார்டுக்குப் போய்ச் சொன்னபோது தங்கச்சிதான் அழுதாள். "என் பாலா இவனுக்கு விஷம்?"

"உன் பால்ல ஒரு குறையும் இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "அந்தச் சர்க்கரையைச் செரிக்கிற சக்தி இவனுக்கு இல்ல. நீ பாதி, உன் வீட்டுக்காரர் பாதின்னு தெரியாமலே கொடுத்த சொத்து."

"எங்ககிட்ட சொத்து இருக்குன்னே இப்பத்தான் தெரியுது," என்றார் அவர். தங்கச்சி அழுகையோடு சிரித்துவிட்டாள்.

பெரிய லேபுக்கு அனுப்பிய ரத்தமும் அதையே சொன்னது. சோயா மாவுப் பால் கொடுத்தோம். காமாலை இறங்கியது.

பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். பேச்சு கொஞ்சம் தாமதம், இந்த நோயில் அப்படி வருமாம்; அதற்குப் பயிற்சி நடக்கிறது. கண்ணில் புரை விழக்கூடும் என்பதால் வருடத்துக்கு ஒரு முறை கண் டாக்டரிடம் காட்டுகிறோம். பாலும் தயிரும் அவனுக்குக் கொடுப்பதில்லை.